செஞ்சிக்கு வெளியே ஒரு செஞ்சி

செஞ்சிக் கோட்டையைப் பற்றி எழுதத் துணிகிறவன் ராஜா தேசிங்கைப் பற்றியும், அவனுடைய குதிரையைப் பற்றியும்தான் எழுத வேண்டும் என்று தமிழ் நாட்டில் ஓர் எழுதாச் சட்டம் இருந்து வருகிறது. 1714-ஆம் ஆண்டில் ஆற்காட்டு நவாபின் பெரும்படையை எதிர்த்துப் போர்க்களத்தில் மாண்ட அந்த வீர வாலிபனுக்கு முதலில் ஒரு நமஸ்காரம் செய்துவிடுகிறேன். அவனுடைய கதையைத் தெருக்கூத்திலும் நாட்டுப் பாடலிலும் வாசகர்கள் வேண்டிய மட்டும் கேட்டிருப்பார்கள். நான் சொல்ல வந்தது வேறு விஷயம்.

என் தமையனாரின் புதல்வி கட்டிடக் கலை பயிலுகிறாள். விடுமுறைக்கு வந்தவள், "சித்தப்பா! சித்திரம், கட்டிடம், துணி மூன்றையும் ஒரே பிரயாணத்தில் பார்த்து வர வேண்டும். நீங்களும் வாருங்கள்" என்றாள். துணி என்றதும் ஜவுளிக் கடைக்குப் பணம் கொடுக்க அழைக்கிறாளோ என்று சற்றுப் பயந்து போனேன். அப்படி ஒன்றும் இல்லை.

சென்னையிலிருந்து கடற்கரைச் சாலையில் புறப்பட்டு, ஈஞ்சம்பாக்கத்தில் உள்ள சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் முதலில் இறங்கினோம். சென்னைக் கலைப் பள்ளியின் தலைவராயிருந்த கே. சி. எஸ். பணிக்கரும் அவருடைய மாணாக்கர்களும் 1966-ல் ஸ்தாபித்த இடம் அது. படம் விற்றுப் பிழைக்க முடியாத காலம். ஆகவே அவர்கள் மெழுகு தடவிச் சாயம் தோய்க்கும் பாத்திக் துணிகளும், மற்றக் கைவினைப் பொருள்களும் செய்து விற்று, அந்தப் பணத்தில் மணற்காட்டை வாங்கினார்கள். நவீன சித்திரத்தைக் காப்பாற்றியது துணிதான் என்று தெரிந்ததும் எனக்கு அந்தச் சித்திரத்தின்மீது ஒரு மரியாதை உண்டாகிவிட்டது. பணிக்கரின் 'வார்த்தைகளும் சின்னங்களும்' என்னும் வரிசைப் படங்கள் ஜாதகக் கட்டத்தையும் கணக்கு நோட்டையும் சேர்த்து வைத்தாற்போல் தோன்றுகின்றன. எனக்குப் பாதி புரியவில்லை. ஆனால் கண்ணை எடுக்கவும் முடியவில்லை.

அங்கிருந்து முட்டுக்காட்டில் இருக்கும் தக்ஷிணசித்ராவுக்குச் சென்றோம். 1996 டிசம்பரில் திறக்கப்பட்ட இந்த இடத்தில் தென்னாட்டுக் கிராம வீடுகளையே காட்சிப் பொருளாக வைத்திருக்கிறார்கள். செட்டிநாட்டு வீடு, அக்கிரகாரத்து வீடு, குயவர் வீடு, காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வீடு என்று எல்லாம் இருக்கின்றன. இடித்து மரம் மரமாக விற்கப்பட இருந்த வீடுகளை விலைக்கு வாங்கி, கல்லும் கதவும் குறியிட்டுப் பெயர்த்து வந்து, மறுபடியும் எழுப்பியிருக்கிறார்கள். வளாகத்துக்கு வடிவம் கொடுத்தவர் லாரி பேக்கர். இங்கிலாந்தில் பிறந்து, 1940-களில் பம்பாயில் மகாத்மாவைச் சந்தித்து, பின்பு இந்தியப் பிரஜையாகி, 2007-ல் திருவனந்தபுரத்தில் காலமானவர். ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருளைக் கொண்டே வீடு கட்ட வேண்டும் என்ற காந்திஜியின் எண்ணத்தை வாழ்நாள் முழுவதும் பிடித்துக்கொண்டிருந்தார். செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் 'எலிப்பொறிக் கட்டு' அவரால் நம் நாட்டில் பிரசித்தி பெற்றது. செங்கல்லில் சுமார் கால் பங்கு மிச்சம். வெற்றிடத்தில் காற்று நிற்பதால் வீட்டுக்குள் வெப்பமும் குறைவு. ஏழைகளுக்கு வீடு கட்டுகிறவன் அழகைப் பற்றி யோசிக்கக் கூடாது என்று நம்முடைய கான்ட்ராக்டர்கள் வைத்திருக்கும் கொள்கையை அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

நெசவாளர் வீட்டின் முன்னறையில் தறிதான் எஜமானன். மனிதர்கள் சுவரோரமாக ஒதுங்கி வாழ வேண்டியதுதான். அதைப் பார்த்தவண்ணம் என் குமாரத்தி, "இந்த வீடு காஞ்சிபுரத்திலேயே நின்றிருந்தால் நன்றாயிருக்கும் இல்லையா, சித்தப்பா?" என்றாள். "நின்றிருந்தால்தானே?" என்றேன். பேச்சு அதோடு நின்றது. செஞ்சியில் அது மறுபடியும் கிளம்பும் என்று அப்போது நான் நினைக்கவில்லை.

திண்டிவனத்தில் இரவு தங்கி, விடியற்காலையில் மேற்கே புறப்பட்டோம். சுமார் பதினேழு மைல். பாறையைக் கூடை கூடையாகக் கொட்டி அடுக்கியது போன்ற குன்றுகள் தென்படத் தொடங்கினால் செஞ்சி நெருங்கிவிட்டது என்று அர்த்தம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளையும் வளைத்து மதில் ஓடுகிறது. ராஜகிரியின் உயரம் சுமார் 800 அடி. கோனார் குலத்தவர் தொடங்கி வைத்த கோட்டையை விஜயநகரத்தாரும் நாயக்கர்களும் வளர்த்தார்கள். பீஜப்பூர்ப் படை பிடித்தது. 1677-ல் சிவாஜி மகாராஜா கைப்பற்றிப் பலப்படுத்தினார். ஏழெட்டு ஆண்டு முற்றுகைக்குப் பிறகு 1698-ல் மொகலாயர் வசமாயிற்று. 1750-ல் பிரெஞ்சுக்காரர், 1761-ல் ஆங்கிலேயர். இத்தனை பேரும் விரும்பிய ஊரை 2025 ஜூலையில் யுனெஸ்கோ ஸ்தாபனமும் விரும்பி, மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. மற்றப் பதினொன்றும் மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன.

வெயில் ஏறுவதற்கு முன் மலை ஏறிவிட வேண்டும் என்று எல்லோரும் புத்தி சொன்னார்கள். அந்தப் பெண் கேட்டால்தானே? கீழேயே தானியக் களஞ்சியத்தின் முன்னால் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தைத் திறந்துவிட்டாள். களஞ்சியம் என்றால் சாமான்யமானதல்ல. கனத்த சுவர்களும் வளைவுக் கூரையும் உள்ள பெரிய கட்டிடம். உள்ளே காலடி வைத்தால் குளிர்ச்சி. "பேக்கர் சொன்னதை இவர்கள் அவருக்கு முன்னாலேயே செய்துவிட்டார்கள். மலைக் கல், ஏரி மண்ணில் சுட்ட செங்கல், சுண்ணாம்பு. ஐந்து மைல் கூடப் போகவில்லை" என்றாள். "ஆனால் இது ராஜாவின் நெல்லுக்குக் கட்டியது. குடியானவனின் குடிசைக்கு இந்தக் குளிர்ச்சி வந்ததா?" என்று நான் கேட்டேன். பென்சில் ஒரு நிமிஷம் நின்றது.

பக்கத்தில் கல்யாண மகால். சதுர முற்றத்தைச் சுற்றி அறைகள். நடுவே மாடிமேல் மாடியாக உயர்ந்து கூம்பிய சிகரம். மண் குழாய் வழியாக மேல் மாடிகளுக்குத் தண்ணீர் ஏற்றினார்களாம். அதன் சுவர்களிலும் நவீன சித்திரம் ஏராளமாக இருக்கிறது! கரியாலும் ஆணியாலும் தங்கள் பெயரையும் காதலியின் பெயரையும் வரைந்து நடுவே அம்பு விட்டிருக்கும் கலைஞர்களுக்கு நாட்டில் பஞ்சமே இல்லை.

மலை ஏறும்போது அவள் ஓவியர் ஆதிமூலத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தாள். திருச்சி ஜில்லாவில் 1938-ல் பிறந்து 2008-ல் மறைந்தவர். 1969-ல் காந்தி நூற்றாண்டின்போது மகாத்மாவைக் கறுப்பு மையில் கோட்டுச் சித்திரங்களாகத் தீட்டிப் புகழ் பெற்றவர். ராஜாக்களையும் வரைந்தாராம், மீசையும் அலங்காரமும் இருக்கும், ஆனால் மனிதன் உள்ளூர உளுத்துப்போயிருப்பான். ராஜகிரியின் உச்சியில் பிளவின்மேல் போட்ட பாலத்தைக் கடந்து, கூரை போன மண்டபங்களின் நடுவே நின்று அதைக் கேட்டபோது எனக்கு அந்த ராஜாக்களை நேரில் பார்த்தது போலவே இருந்தது.

துணியைப் பற்றி இன்னும் சொல்லவில்லையே! செஞ்சியில் இன்று பார்ப்பதற்குப் பழைய துணி ஏது என்று வாசகர்கள் கேட்கலாம். உச்சியிலிருந்து கிழக்கே பாருங்கள். அந்தச் சமவெளிக்கு அப்பால்தான் சோழமண்டலக் கடற்கரை. வெள்ளைக்காரர் அங்கே வந்தது நம்முடைய மலையைப் பார்க்க அல்ல, துணி வாங்குவதற்கு. சாய வேரின் சிவப்பும் அவுரியின் நீலமும் ஏறிய பருத்தித் துணிக்கு ஐரோப்பாவும் ஜாவாவும் காத்திருந்தன. செஞ்சி நாயக்கரிடம் அனுமதி பெற்று 1608-ல் டச்சுக்காரர் தேவனாம்பட்டினத்தில் இறங்கினார்கள். சிவாஜியின் குமாரர் ராஜாராம் செஞ்சியில் இருந்தபோது, 1690-ல் மராட்டியரிடமிருந்து அதே இடத்துக் கோட்டையை ஆங்கிலக் கும்பினியார் விலைக்கு வாங்கினார்கள். பீரங்கிக் குண்டு எட்டும் தூரம்வரை உள்ள நிலமெல்லாம் கிரயத்தில் சேர்ந்தது என்பது ஒப்பந்தம். அதற்கென்று நல்ல பீரங்கியாகத் தேடிக் கொண்டுவந்து, திசைக்கொரு குண்டு சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குட்பட்ட ஊர்களுக்குக் 'குண்டு கிராமம்' என்றே பெயர் ஏற்பட்டது. நில அளவைக்கு இப்படியும் ஒரு சங்கிலி! அந்த நாளில் இந்தக் கரையிலிருந்து கப்பலேறிய சித்திரத் துணிகளை லண்டன் நகரத்துக் காட்சிசாலையில் இன்று கண்ணாடிப் பெட்டிக்குள் பார்க்கலாம். திண்டிவனம், விழுப்புரம் பக்கத்து வயல்களில் அவுரி மட்டும் இன்னும் விளைகிறது.

மாலையில் கீழே இறங்கி வேங்கடரமணர் ஆலயத்துக்குப் போனோம். பெரிய கோவில்; கோபுரத்தின் வாயிலில் அருமையான சிற்பங்கள். உள்ளே சில இடங்களில் தூண் இருந்திருக்க வேண்டிய இடத்தில் வானம் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் இங்கிருந்து பெயர்த்துப் புதுச்சேரிக்குக் கொண்டுபோன கல் தூண்கள்தாம் அந்த ஊர்க் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றன என்கிறார்கள். அந்தப் பெண் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"திரும்பக் கொண்டுவந்து நட வேண்டும்" என்றேன் நான், கொஞ்சம் ஆவேசமாகவே.

"இங்கேயே இருந்திருந்தால் யாராவது வீட்டுப் படியாகப் போட்டிருப்பார்கள். முட்டுக்காட்டில் நீங்கள்தானே, 'நின்றிருந்தால்தானே' என்று கேட்டீர்கள்?"

"அங்கே வீட்டுக்காரரிடம் கேட்டு, பணம் கொடுத்து எடுத்தார்கள், அம்மா. இங்கே யார் யாரைக் கேட்டார்கள்?"

அவள் பதில் சொல்லாமல் வரையத் தொடங்கினாள். இருக்கும் தூண்களை அழுத்தமாகவும், இல்லாதவற்றைப் புள்ளிக் கோடாகவும் போட்டாள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருத்தி வந்து, கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். "எல்லாம் சரியாத்தான் இருக்குது, கண்ணு. என் ஆடுங்களை எங்கே காணோம்?" என்றாள். உடனே மூன்று ஆடுகள் சித்திரத்துக்குள் வந்து சேர்ந்தன. கிழவிக்குப் பரம திருப்தி.

மறு நாள் நாங்கள் நேரே சென்னைக்குத் திரும்புவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் காலையில் வண்டி புதுச்சேரிச் சாலையில் திரும்பியது. காந்தி சிலையின் எதிரில், அலை ஓசைக்கு நடுவே, அவள் அதே நோட்டுப் புத்தகத்தில் எதிர்ப் பக்கத்தைத் திறந்து, அந்த எட்டுத் தூண்களையும் ஒவ்வொன்றாக அளந்து வரைந்துகொண்டிருந்தாள். நான் ஒரு கையில் குடையும் மற்றொரு கையில் சுண்டல் பொட்டலமுமாக மத்தியானம்வரை பக்கத்தில் நின்றேன்.