நீல் தீவில் நான்கு இரவுகள்

அமைதியான இடம் ஒன்று கிடைத்தால் நான்கு நாள் தங்கி வரலாமே என்று ஏங்காதவர் இக்காலத்தில் அரியர். ஆயினும் அமைதி என்பதனால் அவர்கள் கருதுவது யாது என வினவிப் பாருங்கள். குளிரூட்டிய அறை, கேட்டவுடன் வரும் உணவு, தடையற்ற மின்சாரம், குறையாத கைப்பேசித் தொடர்பு என நீண்டதொரு பட்டியல் வெளிவரும். இத்தனையும் ஓரிடத்தில் கூடும்போது அவற்றை இயக்கும் இயந்திரங்களின் ஓசையும், அவற்றை நாடி வரும் கூட்டத்தின் ஆரவாரமும் உடன் வந்தே தீரும். வசதியும் அமைதியும் ஒரே வாடகைக்குக் கிடைப்பது அரிது. அந்தமானைச் சேர்ந்த ஒரு சிறு தீவில் இதனைக் கண்ணாரக் கண்டேன்.

மருத்துவர் சில நாள் ஓய்வு கொள்ளுமாறு வற்புறுத்தியதால், தோளில் மாட்டும் பை ஒன்றுடன் புறப்பட்டேன். இரண்டு வேட்டி, இரண்டு சட்டை, ஒரு கைவிளக்கு, சில மருந்துகள், ஒரு நூல். இவையே என் உடைமை. சென்னையிலிருந்து வங்கக் கடலில் ஏறத்தாழ 1,370 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது போர்ட் பிளேயர். 2024ஆம் ஆண்டில் அந்நகருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது. கப்பலில் செல்வோருக்கு ஏறத்தாழ மூன்று நாள் பயணம். அங்கிருந்து அரசுப் படகில் ஏறி இரண்டு மணி நேரம் சென்றால் நீல் தீவை அடையலாம்.

இத்தீவின் பெயருக்கும் நம் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1857ஆம் ஆண்டு எழுச்சியைக் கொடுமையாக ஒடுக்கிய ஆங்கிலேயத் தளபதி நீல் என்பவரின் பெயரே இதற்குச் சூட்டப்பட்டது என்பர். அவருடைய சிலை சென்னை மவுண்ட் சாலையில் நின்றதும், அதனை அகற்றக் கோரி 1927இல் அறப்போர் நிகழ்ந்ததும், 1937இல் இராஜாஜி அமைச்சரவைக் காலத்தில் அது அகற்றப்பட்டதும் நாம் அறிந்தவை. தீவின் பெயர் மாறுவதற்கோ 2018 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நேதாஜி 1943இல் அந்தமானுக்கு வழங்கிய 'ஷஹீத்' என்னும் பெயர் இப்போது இத்தீவுக்கு உரியது. ஆயினும் படகுத்துறையில் 'நீல், நீல்' என்றே கூவுகின்றனர்.

துறையில் இறங்கியவுடன் ஆட்டோக்காரர்களும் விடுதி முகவர்களும் சூழ்ந்துகொண்டனர். அவர்களுள் ஒருவர் காட்டிய விடுதி அழகியதுதான். ஆனால் அதன் முற்றத்தில் மின்னாக்கி ஒன்று இடைவிடாது உறுமிக்கொண்டிருந்தது. ஒலிபெருக்கியில் திரைப்பாடல் வேறு. வணக்கம் கூறி விடைபெற்றேன். இரண்டாவது இடத்தில் வாடகையைக் கேட்டவுடனேயே கால்கள் தாமாகத் திரும்பின. பிறகு கடைத்தெருவில் ஒரு தேநீர்க் கடைக்குச் சென்று அமர்ந்தேன். "சத்தமில்லாத இடம், கட்டிலும் கொசுவலையும் இருந்தால் போதும்" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கூறினேன். கடைக்காரர் சற்று யோசித்து, "சீதாபூர் பக்கம் போங்கள். பாக்குத் தோப்புக்குப் பின்னால் ஒரு பாட்டி இருக்கிறார்" என்றார்.

இத்தீவின் ஊர்களுக்கும் கடற்கரைகளுக்கும் இராமாயணப் பாத்திரங்களின் பெயர்களே வழங்குகின்றன. படகுத்துறையை அடுத்திருப்பது பரத்பூர். மேற்கே கதிரவன் மறையும் இலட்சுமண்பூர். கிழக்கே கதிரவன் உதிக்கும் சீதாபூர். துறையிலிருந்து சீதாபூர் ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர். சாலையின் இருபுறமும் நெல்வயல்களும் காய்கறித் தோட்டங்களும் வாழையும் பாக்கும் செழித்திருந்தன. அந்தமான் தலைநகரின் சந்தைக்குப் பெருமளவு காய்கறி இத்தீவிலிருந்தே செல்கிறது.

கடைக்காரர் சொன்ன இடத்தில் மூங்கில் தட்டியால் அமைந்த குடிசைகள் மூன்று இருந்தன. தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் மரக்கால்கள்மேல் நின்றன. மேலே ஓலைக்கூரை. உள்ளே ஒரு கட்டில், கொசுவலை, துணி மாட்ட ஒரு கயிறு. வெளியே கிணறும் வாளியும். தங்குமிடம் தேடுவோர் முதலில் கடலைப் பார்க்கின்றனர். கிணற்றை முதலில் பார்ப்பதே நலம் என்பேன். சிறு தீவில் நன்னீர் என்பது மழை தந்து, மண் சேமித்து வைத்திருக்கும் செல்வம். அளவு மீறி இறைத்தால் கடல்நீர் உட்புகுந்துவிடும். அக்கிணற்றில் நீர் தெளிவாகவும் உப்பின்றியும் இருந்தது. வாடகையோ, துறையருகே கேட்டதில் மூன்றில் ஒரு பங்கு. பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டேன்.

அங்கே பொழுதை அளந்தது கடிகாரமன்று, கடலே. அந்தமான் நமக்குக் கிழக்கே வெகு தொலைவில் இருந்தும் கடிகாரம் ஒன்றேயாதலால், கதிரவன் சென்னையில் உதிப்பதற்கு ஏறத்தாழ 50 நிமிடம் முன்பாகவே அங்கு உதித்துவிடுகிறான். மாலையில் ஐந்தரை மணிக்கெல்லாம் இருள் கவியத் தொடங்குகிறது. கடலில் நாள்தோறும் இருமுறை ஓதம் ஏறுகிறது, இருமுறை தாழ்கிறது. அந்நேரமும் நாளுக்கு நாள் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப் போகிறது. ஓதம் தாழ்ந்தால் பவளப்பாறைத் திட்டுகள் வெளிப்படும். அப்போது நீந்த இயலாது. ஆனால் பாறைக் குழிகளில் தேங்கிய நீரில் சிறு மீன்களையும் நண்டுகளையும் கடல் அட்டைகளையும் காணலாம். இலட்சுமண்பூர் அருகே கடல் அரித்து உண்டாக்கிய இயற்கைப் பாலத்திற்கு நடந்து செல்லவும் அதுவே தக்க நேரம். அங்குக் குடியேறிய வங்காளிகள் அதற்கு 'ஹௌரா பாலம்' என்று பெயரிட்டிருப்பது அவர்களுடைய ஏக்கத்தைச் சொல்லாமல் சொல்கிறது.

குறைகளும் இருந்தன. அந்தி வேளையில் மணல் ஈக்கள் கடித்தன, தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டேன். இரண்டாம் இரவு மின்சாரம் நின்றுவிட்டது, மின்விசிறி ஓய்ந்தது. ஆயினும் அவ்விரவில்தான் பாக்கு மட்டை விழும் ஓசையையும், தொலைவில் அலை பாறையில் மோதித் திரும்பும் ஓசையையும் தனித்தனியே பிரித்துக் கேட்டேன். பல மாதங்களாக என்னை விட்டு அகன்றிருந்த உறக்கம் அன்று திரும்பி வந்தது.

வீட்டுக்கார அம்மையாரை எல்லாரும் 'தீதி' என்றே அழைத்தனர்; வங்க மொழியில் அக்கா என்று பொருள். சோறும் பருப்பும் கடுகெண்ணெயில் சமைத்த மீனும் அவர் கையால் பரிமாறப்பட்டன. மூன்றாம் நாள் உணவுக்குப் பின் தம் கதையைக் கூறினார். நாட்டுப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்த குடும்பங்களை அரசு 1949 முதல் அந்தமானில் குடியேற்றியது. நீல் தீவில் குடியேற்றம் 1960களில் நிகழ்ந்தது. தீதி கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவர். காட்டை வெட்டி நிலமாக்கியபோது தம் தாயார் இத்தகைய ஓலைக்குடிசையில்தான் ஒழுகும் கூரைக்கடியில் குழந்தைகளைக் கிடத்தி, மழையில் நனைந்தபடி விழித்திருந்தாராம்.

பிறகு அவர் கேட்ட கேள்வி என்னைத் திகைக்கச் செய்தது. "மகன் இந்தக் குடிசைகளைப் பிரித்துவிட்டு, காங்கிரீட்டில் எட்டு அறை கட்டவேண்டும் என்கிறான். கடன் தரவும் ஆள் இருக்கிறது. உங்களைப் போன்றவர்களோ, 'இப்படியே இருக்கட்டும், இதுதான் அழகு' என்கிறீர்கள். நீங்களே சொல்லுங்கள் தாதா, நான் என்ன செய்வது?"

அண்ணா என்று பொருள்படும் அச்சொல்லால், தம்மினும் இளையவனான என்னை மரியாதையுடன் அழைத்துக் கேட்டார். உடனே விடை கூற இயலவில்லை. எனக்கு எளிமை என்பது நான்கு நாள் விரதம். விரும்பி ஏற்றேன், விரும்பும்போது விட்டுச் செல்வேன். அவருக்கோ அது அறுபது ஆண்டு வாழ்க்கை, விரும்பி ஏற்றதன்று. என் கண்ணுக்கு இனிதாக இருக்கிறது என்பதற்காக, ஒழுகும் கூரையின் கீழேயே இரு என்று ஒருவரிடம் கூற எனக்கு என்ன உரிமை?

சிந்தித்தபின் இவ்வாறு கூறினேன்: "தீதி, முதலில் நீங்கள் உறங்கும் வீட்டிற்கு உறுதியான கூரை போடுங்கள். அதற்கு யாருடைய சம்மதமும் வேண்டியதில்லை. விருந்தினருக்கு எத்தனை அறை என்பதை உங்கள் கிணற்றைக் கேட்டு முடிவு செய்யுங்கள். கோடையில் எத்தனை பேருக்கு அது நீர் தருமோ அத்தனை அறை போதும். தோப்பை வெட்டாதீர்கள். நாங்கள் தேடி வருவது ஓலையை அன்று. இந்த நிழலையும், நீங்கள் பரிமாறும் சோற்றையும், இரவின் அமைதியையும்தான். கூரை எதுவானாலும் இவை நிலைக்கலாம்."

அருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மகன், "எட்டு அறைக்குக் கிணறு போதாதுதான், லாரியில் தண்ணீர் வாங்கலாம் என்று இருந்தேன்" என்றார். தீதி அவரைப் பார்த்த பார்வையில் அப்பேச்சு பல நாளாக அவ்வீட்டில் நடந்து வருவது புலனாயிற்று. முடிவு அவர்களுடையது, நான் மேற்கொண்டு பேசவில்லை.

அன்பு வாசகர்களே, இத்தகைய இடங்களுக்கு நீங்களும் செல்லக்கூடும். செல்லுங்கள், மழை ஓய்ந்த சனவரி முதல் ஏப்ரல் வரையிலான மாதங்கள் ஏற்றவை. துறையருகே முதலில் காட்டப்படும் அறையை ஏற்காமல், தேநீர்க் கடையில் கேட்டு உள்ளூர்க் குடும்பத்தாரிடம் தங்குங்கள். அவர்கள் கேட்கும் நியாயமான வாடகையைக் குறைக்காதீர்கள். நமக்கு அது சிறு தொகை, அவர்களுக்கு அதுவே தோப்பை வெட்டாமல் காக்கும் வலிமை. குளிக்க ஒரு வாளி நீரே போதும். கொண்டு சென்ற பிளாஸ்டிக் குப்பையைத் திரும்பக் கொண்டு வாருங்கள். சிறு தீவில் அதைப் போடுவதற்கு இடம் ஏது? பவளத் துண்டுகளைக் கரையிலேயே விட்டுவிடுங்கள். அவற்றை எடுத்து வருவது சட்டப்படியும் குற்றம். உப்புநீர் முதலை பற்றிய எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் நீரில் இறங்காதீர்கள்.

புறப்படும் காலையில் தீதி ஒரு சீப்பு வாழைப்பழத்தை என் பையில் வைத்தார். பையில் அதற்குத் தாராளமாக இடமிருந்தது. குறைவாகக் கொண்டு செல்வதன் பயன் அதுவே.