சின்னிக்குக் கொடுத்த கசாயம்

வீட்டில் வயதான பூனை இருந்தால், அது ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்பதைச் சகோதரிகள் கொஞ்சம் கவனியுங்கள். அதைக் கவனிக்காமல் விட்டதனால் நாங்கள் பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன்.

2010ஆம் ஆண்டு நாங்கள் கிளிநொச்சியில் மீளக் குடியேறியபோது, தறப்பாள் கொட்டிலுக்குள் தானாகவே வந்து சேர்ந்த குட்டிதான் சின்னி. வீடு கட்டி முடிந்தபோது அதுவும் எங்களோடு உள்ளே வந்தது. அன்று முதல் அம்மாவின் கால்மாட்டில்தான் அதன் படுக்கை. நான் வேலைக்குப் போனபின் அம்மா பேசுவதற்கு வீட்டில் இருந்த ஒரே சீவனும் அதுதான்.

2023இல் சின்னிக்குப் பதின்மூன்று வயது. கிணற்றடி வாளியில் தலையைக் கவிழ்த்து அடிக்கடி தண்ணீர் குடிக்கத் தொடங்கியது. வெயில் காலம்தானே என்று நினைத்தோம். உடல் மெலிந்தது, மயிர் பளபளப்பு இழந்து சடைத்தது, வாயில் ஒரு கெட்ட வாடை வந்தது. சாப்பாட்டை மணந்து பார்த்துவிட்டு விலகிப் போகும். சில காலைகளில் நுரையாக வாந்தி எடுக்கும்.

"இது நீர்க் கோளாறுதான் பிள்ளை. என்ர கசாயத்தைக் குடுத்தால் சரிவரும்" என்றார் அம்மா.

அம்மாவுக்கு நீர்க்கடுப்பு வரும்போதெல்லாம் நெருஞ்சிலும் சிறுபீளையும் அவித்துக் குடிப்பார். அவருடைய தாயும் அப்படித்தான் செய்தாராம். மூலிகைதானே, கெடுதல் என்ன வரப் போகிறது என்று நானும் எண்ணினேன். ஊசி கழற்றிய சிறிஞ்சில் எடுத்து, நான் பிடிக்க அம்மா பருக்கினார். சின்னி நிறையச் சிறுநீர் கழித்தது. "பாத்தியே, மருந்து வேலை செய்யுது" என்று அம்மாவுக்குச் சந்தோசம்.

நான்காம் நாள் சின்னியால் எழுந்து நிற்க முடியவில்லை. கண்கள் உள்ளே போயிருந்தன. கழுத்துத் தோலை இழுத்து விட்டால் அது பழைய இடத்துக்குத் திரும்ப நேரம் எடுத்தது. கூடைக்குள் வைத்து மிருக வைத்தியரிடம் கொண்டு ஓடினேன்.

இரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் 4.1 என்று இருந்தது. பூனைகளின் நாட்பட்ட சிறுநீரக நோயை நான்கு நிலைகளாகப் பிரிப்பார்கள், இது மூன்றாவது நிலை என்றார் வைத்தியர். சிறுநீரகத்தின் முக்கால் பங்கு வேலை கெட்ட பிறகுதான் பொதுவாக இந்த அளவு கூடத் தொடங்குமாம். ஆகவே நோய் பல மாதங்களுக்கு முன்னரே வந்திருக்கிறது.

கசாயத்தைப் பற்றித் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "நோய் கசாயத்தால வரேல்ல அம்மா. ஆனா பழுதான சிறுநீரகத்தால தண்ணியை உடம்பில பிடிச்சு வைக்க ஏலாது. அது நிறையக் குடிக்கிறதே, நிறையப் போறபடியால்தான். நீங்கள் குடுத்தது நீரை இன்னும் இறக்கிற மருந்து. கிடந்த தண்ணியும் போயிட்டுது" என்றார்.

இதை வீட்டில் எப்படிச் சொல்வது என்பதுதான் எனக்குப் பெரிய பாரமாக இருந்தது. மறைத்தால் அடுத்த முறையும் கசாயம் அவிப்பார். சொன்னால் மனம் உடைந்துபோவார். சொல்லிவிட்டேன். அம்மா ஒன்றும் பேசாமல் எழுந்து அடுப்படிக்குப் போனார். இரவு சாப்பிடவில்லை. மறுநாள் விடிய என் கட்டிலருகே வந்து நின்று, "அப்ப இனி என்ன குடுக்கலாம் எண்டு கேட்டனியோ?" என்றார்.

கேட்டுத்தான் வந்திருந்தேன். முதல் மருந்து தண்ணீர். வீட்டின் நாலு இடங்களில் அகலமான சட்டிகளில் தண்ணீர் வைத்தோம். ஒரு சட்டியில் மட்டும் உப்பில்லாமல் அவித்த மீனின் தண்ணீர் சில துளி விட்டோம், அந்த வாசத்துக்கு வந்து குடித்தது. இரண்டாவது சாப்பாடு. கெட்ட சிறுநீரகத்துக்குப் பொசுபரசு கூடாது. அது முள்ளிலும் எலும்பிலும் நிறைய இருப்பதால், சின்னிக்குப் பிரியமான மீன் தலையும் நெத்தலியும் நின்றன. மீனை அவித்து, அந்த நீரை ஊற்றிவிட்டு, முள் நீக்கிய சதையை இளஞ்சூட்டுத் தண்ணீரில் குழைத்துக் கொடுத்தோம். அவித்த முட்டை வெள்ளைக்கரு நல்ல புரதம், அதில் பொசுபரசு மிகக் குறைவு. ஆனால் வீட்டுச் சாப்பாட்டில் மட்டும் பூனைக்கு வேண்டிய சத்தெல்லாம் கிடைக்காது என்பதால், சிறுநீரக நோய்க்கென்றே விற்கும் உணவைக் கொழும்பிலிருந்து எடுப்பித்துக் கலந்தோம். அந்த உணவு பூனைகளின் ஆயுளைக் கூட்டும் என்பது ஆய்வுகளில் தெரிந்த விடயம். விலைதான் கையைக் கடித்தது.

ஒன்றுவிட்ட ஒருநாள் தோளுக்கு நடுவே தோலின் கீழ் 100 மில்லிலீற்றர் சேலைன் ஏற்றவும் வைத்தியர் பழக்கிவிட்டார். முதல் நாள் என் கை நடுங்கியது. அம்மா சேலைன் பையை வெந்நீரில் வைத்து உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்து, சின்னியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். மூலிகை என்று கேட்டதற்கு, பூனைக்கு நன்மை செய்யும் என்று உறுதியாகச் சொல்லக்கூடியது தன்னிடம் இல்லை என்றார் வைத்தியர். மீனெண்ணெய் மட்டும் அளவோடு கொடுக்கச் சொன்னார்.

பூனையின் ஈரல் எங்களுடையதைப் போன்றதல்ல. எங்களுக்கு ஒத்துக்கொள்ளும் பல பொருட்களை அதனால் உடைத்து வெளியேற்ற முடியாது. ஒரேயொரு பரசிற்றமோல் குளிசை பூனையைக் கொன்றுவிடும். வெங்காயமும் உள்ளியும் அதன் இரத்தத்தைக் கெடுக்கும். லில்லிப் பூவின் மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் செயலிழக்கும். மனிதருக்கும் மூலிகை எல்லாம் தீங்கற்றதல்ல. 1990களில் பெல்ஜியத்தில் மெலிவதற்காக மூலிகைக் குளிசை எடுத்த பெண்கள் பலர் சிறுநீரகத்தை இழந்தார்கள். அதில் கலந்திருந்தது எங்கள் ஈசுவரமூலியின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடி.

சின்னி அதன்பின் பதினொரு மாதம் இருந்தது. மெலிவு முழுதாக மாறவில்லை. ஆனாலும் முற்றத்து வெயிலில் படுத்தது, அம்மாவின் குரலுக்குக் காதை ஆட்டியது. கடைசி வாரம் சாப்பாட்டையும் தண்ணீரையும் விட்டுவிட்டது. இனி ஊசி போட்டு வருத்த வேண்டாம் என்று அம்மாவே சொன்னார். அவருடைய பழைய சேலையில், அவருடைய கால்மாட்டிலேயே போனது.

ஒரு கிழமை கழித்து, நீரிழிவுக் கிளினிக்குக்குப் புறப்படும்போது அம்மா கேட்டார்: "சின்னிக்குப் பாத்த அந்த இரத்தச் சோதினையை எனக்கும் பாப்பினமோ பிள்ளை?"

பார்த்தோம். இப்போது நெருஞ்சில் அவிப்பதற்கு முன் அம்மா கிளினிக் டொக்டரிடம் கேட்டுக்கொள்கிறார்.