“லவ் மேரேஜா? என்ன ஆளுக?”

தேனி, கம்பம் பக்கம் ஒரு வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை வந்தால் போதும், கேள்வியும் கூடவே வந்துவிடும். “லவ்வா, வீட்டுல பார்த்ததா?” லவ் என்று தெரிந்தால், குரலைத் தாழ்த்தி அடுத்தது: “என்ன ஆளுக?”

முதல் கேள்வி கேட்கப்பட்டதே இந்த இரண்டாவதுக்காகத்தான்.

ஒரு பெண் அத்தை மகனையே நினைத்துக்கொண்டு, வருகிற வரனையெல்லாம் தட்டிக்கழிக்கட்டும். யாரும் அதை லவ் என்று சொல்ல மாட்டார்கள். “முறைப்பையன்தானே, உரிமை இருக்குல்ல” என்று கேலி பேசிச் சிரிப்பார்கள். ஏலத்தோட்டத்துக்குப் போகிற ஜீப்பில், வேறு தெருப் பையனோடு பேசிப் பழகியவளுக்கும் அதே தூக்கம் கெட்ட ராத்திரிகள்தான். ஆனால், அது ‘லவ் மேட்டர்’. ஆஸ்பத்திரியில் கிடக்கும் கணவனுக்காகப் பத்து நாள் வெறுந்தரையில் படுத்துக்கிடக்கிற மனைவியையும் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அது பாசமாம்!

இத்தனைக்கும், தமிழ் சினிமாவுக்குக் காதலை அள்ளிக் கொடுத்த மண் இது. அல்லிநகரம் பாரதிராஜா, பண்ணைப்புரம் இளையராஜா, வடுகபட்டியில் வளர்ந்த வைரமுத்து... மூவரும் 1980-ல் ‘நிழல்கள்’ படத்தில் சேர்ந்தார்கள். மறு வருடம் ‘அலைகள் ஓய்வதில்லை’. பூணூலையும் சிலுவையையும் கழற்றி எறிந்துவிட்டுப் போகிற ஜோடியைத் திரையில் பார்த்து ரசித்தவர்கள், வீட்டுக்கு வந்தால் பழைய கேள்விக்கே திரும்பிவிடுகிறார்கள்.

தேனியோடு நிற்கிற கேள்வியும் இல்லை இது. பழனிப் பெண்ணை மணந்த சங்கர், 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். வயதுக்கு வந்த இருவர் சம்மதித்தால் போதும், குடும்பமோ சமூகமோ சம்மதிக்க வேண்டியதில்லை என்று 2018 மார்ச் 27-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது. கலப்புத் திருமணத்துக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் அரசு நிதியுதவியும் தாலிக்கு 8 கிராம் தங்கமும் தருகிறது. அதற்கும் இருவருடைய சாதிச் சான்றிதழைக் கேட்கிறார்கள். அரசாங்கமும் ‘என்ன ஆளுக’ என்றுதான் கேட்கிறது. ஆனால், அங்கே பதில் வேறுவேறாக இருந்தால்தான் பணம்!

எல்லா வீடும் கடைசிவரை கதவைச் சாத்தியே வைத்திருப்பதில்லை. வளைகாப்புக்கு வராத அம்மா, பிரசவ வார்டுக்குப் பூண்டும் கருப்பட்டியும் நல்லெண்ணெயுமாக வந்து நிற்பதுண்டு. பேரன் யார் ஜாடை என்று பேச்சு மாறும். ‘ஓடிப்போனவ’, ‘எம் பொண்ணு’ ஆவாள். அதற்குப் பிறகு லவ் என்ற வார்த்தையே அந்த வீட்டில் காதில் விழாது.

பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வருடம்தான், சான்றிதழ் அப்பா பக்கமா அம்மா பக்கமா என்று மறுபடி பேச்சு தொடங்கும்.