எழுத்து முடிந்த பின் என்ன?

 

உங்கள் வீட்டுப் பிள்ளை காயிதா ஓதி முடித்த நாளில் என்ன செய்தீர்கள்? மதரஸாவுக்கு இனிப்பு அனுப்பியிருப்பீர்கள். மறுநாளே அம்ம ஜுஸ்வை அதன் கையில் கொடுத்திருப்பீர்கள். அதே பிள்ளை தமிழ் அரிச்சுவடியை முடித்த நாளில்? பெரும்பாலும் ஒன்றும் செய்திருக்க மாட்டோம். எழுத்துத் தெரிந்துவிட்டது, இனித் தானாக வாசித்துக்கொள்ளும் என்று விட்டிருப்போம். இந்த எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதை நான் என் மகளிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன். இத்தனைக்கும் நான் இருபது ஆண்டுகளாக மதரஸாவில் ஓதிக்கொடுப்பவன். கலைப் பாடத்தில் பட்டமும் பெற்றவன்.

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். தமிழகத்தில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறந்தன. என் இளைய மகள் முதல் வகுப்பில் சேரவேண்டிய ஆண்டு அது. வ. புதுப்பட்டியில் எங்கள் வீட்டுத் திண்ணையே அவளுக்குப் பள்ளிக்கூடமாயிற்று. பஜ்ருக்குப் பின் காயிதா, அஸருக்குப் பின் தமிழ்ச் சிலேட்டு. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகளையும் பத்தே மாதத்தில் பிழையின்றிச் சொன்னாள். ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ப் பால்கோவா வாங்கிவந்து தெருவுக்கே கொடுத்தேன். உள்ளூரப் பெருமை எனக்கு.

மறுநாள் ஒரு கதைப் புத்தகத்தை விரித்து வைத்தேன். ஆற்றங்கரையில் ஒரு நரி நின்றுகொண்டிருந்ததாக முதல் வரி. ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுத் தொட்டு, ஒன்றுகூடத் தவறாமல் வாசித்து முடித்தாள்.

"நரி எங்கே நின்றது?" என்று கேட்டேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எந்த நரி அத்தா?"

கவனமில்லை என்று கடிந்துகொண்டேன். மறுபடி வாசிக்கச் சொன்னேன். மறுபடியும் அதே விடை. குரலை உயர்த்தினேன். அடுத்த நாள் அந்தப் புத்தகத்தைக் காணவில்லை. மூன்றாம் நாள் என் மனைவி அதை அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து எடுத்துவந்தாள். வாசிப்பை நேசிக்கவேண்டிய பிள்ளை புத்தகத்தை ஒளித்துவைக்கும்படி செய்துவிட்டேனே என்று அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

என் தாயார்தான் பேச்சைத் தொடங்கினார்கள். "நானும் இப்படித்தானப்பா மறந்தேன்" என்றார்கள். 1990களின் தொடக்கத்தில் தமிழகமெங்கும் நடந்த அறிவொளி வகுப்பில் அவர்கள் எழுத்துக் கற்றவர்கள். பெயர் எழுதவும் பேருந்துப் பலகையைக் கூட்டிப் படிக்கவும் தெரிந்துகொண்டார்கள். வகுப்பு முடிந்தது. வீட்டில் வாசிக்க ஒரு தாளும் இல்லை. சில ஆண்டுகளில் எழுத்துகள் ஒவ்வொன்றாக நழுவிவிட்டன. நான் வெளியூர் மதரஸாவிலிருந்து எழுதிய கடிதங்களை அண்டை வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துத்தான் வாசிக்கக் கேட்டார்கள். தாய்க்கு மகன் எழுதிய கடிதம் பிறர் வாயால் வந்து சேர்ந்தது!

அந்த ஒரு சொல் என்னைச் சிந்திக்க வைத்தது. பிழை குழந்தையிடம் இல்லை, நான் பாதி வழியில் நிறுத்திவிட்டேன் என்று புரிந்தது.

ஹிஜ்ஜேயும் ரவானும்

காயிதாவில் நாம் என்ன செய்கிறோம்? முதலில் ஹிஜ்ஜே, அதாவது எழுத்துக்கூட்டி ஓதுதல். பிறகு ரவான், அதாவது தடையின்றி ஓதுதல். ஹிஜ்ஜே பிடித்த பிள்ளையை அத்துடன் விட்டுவிடும் உஸ்தாது எவரும் இல்லை. அதே வரியைத் திரும்பத் திரும்ப ஓதவைத்து ரவானுக்குக் கொண்டுவருவோம். தமிழில் மட்டும் இதை ஏனோ மறந்துவிடுகிறோம். நீண்ட சொல் ஒன்றின் கடைசி எழுத்தை எட்டுவதற்குள் முதல் எழுத்து குழந்தையின் நினைவிலிருந்து போய்விடுகிறது. உழைப்பு முழுவதும் எழுத்துக்கே செலவானால் நரிக்கு எங்கே இடம்?

தமிழில் இன்னும் இரண்டு இடர்கள் உண்டு. அரபியில் பெரும்பாலும் ஓர் எழுத்துக்கு ஓர் ஒலி. தமிழில் கடல், தங்கம், பகல் மூன்றிலும் ஒரே 'க'. ஆனால் ஒலி வெவ்வேறு. 'பழம்' என்பதன் முதலெழுத்தும் 'பஷீர்' என்பதன் முதலெழுத்தும் ஒன்றே, ஒலி ஒன்றல்ல. சொல்லை முன்பே காதால் கேட்டறிந்த பிள்ளைதான் சரியான ஒலியைத் தேர்ந்தெடுக்கும்.

இரண்டாவது இடர் இன்னும் பெரியது. வீட்டில் "நின்னுக்கிட்டு இருந்துச்சு" என்று பேசுகிறோம். புத்தகத்தில் "நின்றுகொண்டிருந்தது" என்று இருக்கிறது. அந்தச் சொல்லை என் மகள் அதுவரை ஒருமுறையும் கேட்டதில்லை! ஏட்டுத் தமிழ் அவளுக்கு ஏறக்குறைய வேற்று மொழி. பொருள் அறியாமல் குர்ஆன் ஓதினாலும் நன்மை உண்டென்று நம்புகிறோம். தமிழை அப்படி ஓதுவதால் என்ன நன்மை?

முன்னோர் கண்ட வழி

நம் சமுதாயத்தில் இதற்கு அழகான முன்மாதிரி உண்டு. அரபுத் தமிழ்தான் அது. அரபி எழுத்தில் தமிழை எழுதினார்கள். அரபியில் இல்லாத ப, ட போன்ற ஒலிகளுக்குப் புள்ளிகளும் குறிகளும் சேர்த்துப் புதிய எழுத்துகள் அமைத்தார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் (1816-1898) மார்க்கச் சட்டங்களை அவ்வெழுத்தில் எழுதி வீடுகளுக்குள் கொண்டுசேர்த்தார்கள். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத பெண்கள், காயிதாவில் கற்ற எழுத்தைக்கொண்டே தங்கள் தாய்மொழியை வாசித்தார்கள். எழுத்தும் தெரிந்தது, மொழியும் தெரிந்தது; ஆகவே பொருள் உடனே கிட்டியது. எழுத்தறிந்தவருக்கு அடுத்து எதைக் கொடுக்கவேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்: ஏற்கெனவே தெரிந்த மொழியில், வாழ்வுக்கு வேண்டிய செய்தியை.

நாங்கள் செய்தவை

முதல் வேலையாக, கேள்வி கேட்டுச் சோதிப்பதை நிறுத்தினேன். அவள் சொல்வதை நான் எழுதினேன். "எங்க ஆடு ரெண்டு குட்டி போட்டுச்சு" என்று அவள் சொன்னபடியே எழுதிக் கொடுத்தேன். தன் வாயிலிருந்து வந்த சொல்லாதலால் தயங்காமல் வாசித்தாள். அதன் கீழே "எங்கள் ஆடு இரண்டு குட்டிகள் ஈன்றது" என்று எழுதினேன். இரண்டும் ஒன்றே என்று கண்டபோது அவள் முகத்தில் தோன்றிய வியப்பை இன்றும் மறக்க இயலவில்லை.

இரண்டாவதாக, இஷாவுக்குப் பின் கால்மணி நேரம் என் மனைவி வாசிக்க, அவள் கேட்டாள். அவளால் தானாக வாசிக்க முடியாத பெரிய கதைகளையே தேர்ந்தோம். ஏட்டுத் தமிழ் அவள் கண்ணுக்குப் போகும் முன்பே காதுக்குப் போய்விட்டது.

மூன்றாவதாக, ரவான் பயிற்சி. ஒரே சிறு பக்கத்தை முதலில் நான் வாசிப்பேன். பிறகு இருவரும் சேர்ந்து. பிறகு அவள் தனியே. ஒரு பக்கத்தில் நாலைந்து சொற்களுக்கு மேல் தடுக்கினால் அது அவளுக்குரிய புத்தகமன்று, நான் வாசித்துக் காட்டவேண்டிய புத்தகம் என்று கண்டுகொண்டேன்.

இவை தவிர, சிவகாசியில் அச்சான தினசரி நாட்காட்டியின் தாளைக் கிழிக்கும் பொறுப்பும், வத்திராயிருப்பு நிறுத்தத்தில் பேருந்துப் பலகையை வாசித்துச் சொல்லும் பொறுப்பும் அவளுடையவையாயின.

புத்தகத்துக்கு இன்று பஞ்சமில்லை. 1957இல் தொடங்கிய நேஷனல் புக் டிரஸ்ட் குழந்தைகளுக்கான படக்கதைகளை மலிவு விலையில் தமிழிலும் வெளியிடுகிறது. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவரில் நிலை பிரித்த கதைகள் கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழக அரசு 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் மெல்லிய புத்தகங்களுக்கு நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகள் வைத்திருக்கிறார்கள். பெயரே பாடமாக இருக்கிறதல்லவா? நுழைந்த பிள்ளையை உடனே பறக்கச் சொன்னவன் நான்.

மதரஸாவிலும் ஒரு தட்டு நிறையத் தமிழ்க் கதைப் புத்தகங்கள் வைத்தேன். "ஓத அனுப்பினோம், கதை எதற்கு?" என்று பெற்றோர் ஒருவர் கேட்டார். "மார்க்க நூல்கள் நமக்குத் தமிழில்தானே இருக்கின்றன? அவற்றை யார் வாசித்துப் புரிந்துகொள்வது?" என்று திருப்பிக் கேட்டேன். அவர் முழுமனத்துடன் ஒப்புக்கொண்டார் என்று சொல்லமாட்டேன். ஆனால் பிள்ளையை நிறுத்தவில்லை.

ஓராண்டு கழிந்திருக்கும். ஒருநாள் மாலை வீட்டுக்குள் நுழைகையில் என் தாயாரின் தகரப் பெட்டி திறந்திருந்தது. நான் மதரஸாவிலிருந்து எழுதிய பழைய கடிதமொன்றை மகள் தன் நன்னிக்கு வாசித்துக்கொண்டிருந்தாள். தட்டுத் தடுமாறித்தான் வாசித்தாள். அறியாமல் வாசலிலேயே நின்றுவிட்டேன். முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அத்தா, வீட்டு ஞாபகம் வரலைன்னு மூணு தடவை எழுதியிருக்கீங்களே. ரொம்ப வந்துச்சா?"

எழுதாததையும் வாசித்துவிட்டாள் என் மகள். என் தாயார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பெற்றோர்களே! அரிச்சுவடி முடிந்த நாளில் உங்கள் கடமை முடிந்துவிடவில்லை. இன்றிரவே கால்மணி நேரம் ஒதுக்குங்கள். பிள்ளையை அருகே அமர்த்தி ஒரு கதையை வாசித்துக் காட்டுங்கள். கேள்வி கேட்காதீர்கள். கேள்வியை ஒருநாள் அதுவே உங்களிடம் கேட்கும், இன்ஷா அல்லாஹ்.