சீட் உயரமும் ஒரு கோப்பை பிளேன்டீயும்



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

போன மாதம் இலங்கைத்துறை முகத்துவாரத்துக்குச் சைக்கிளில் போய்த் திரும்பி வரும்போது என்ட மச்சான் ரோட்டில் விழுந்தது ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் கதை பல விதமாக ஓடுகிறது. "சைக்கிள் ஓடி ஹார்ட் அட்டாக்" என்று ஒரு கதை. "சேர் ஆளைக் கொண்டுபோய்ச் சாகடிக்கப் பார்த்திருக்கிறார்" என்று தேநீர்க் கடையில் இன்னொரு கதை. முதலாவது பொய். இரண்டாவதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். மச்சானுக்கு வாசித்துக் காட்டி, அவர் ஓம் என்று சொன்ன பிறகுதான் போடுகிறேன்.

இந்தக் கதைகளால் எங்களோடு சனிக்கிழமைகளில் ஓட வந்த ஐந்து பொடியன்மாருக்கு வீட்டில் தடை. அதுதான் எனக்கு மனசுக்குள் குத்துகிறது. என்ட பிழைக்கு அவர்களுக்குத் தண்டனை.

நான் சைக்கிளுக்குத் திரும்பியது 2022 இல். உங்களில் முக்கால்வாசிப் பேரும் அப்படித்தான். பெற்றோல் லைனில் இரவிரவாகக் கிடந்தோம். பிறகு கியூஆர் வந்தது, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். வீட்டுக் கொட்டிலில் வாப்பாவின் பழைய சைக்கிள் கிடந்தது. மூதூர் லாஞ்சில் ஏற்றித் திருகோணமலைக்கும், பாதையில் ஏற்றிக் கிண்ணியாவுக்கும் அவர் கொண்டு திரிந்த சைக்கிள். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு 396 மீற்றரையும் இரண்டு நிமிடத்தில் கடக்கிறோம். வாப்பாவின் காலத்தில் பாதை வரும் வரை கரையில் நின்றதே ஒரு பயணம். அந்தச் சைக்கிளுக்கு இரண்டு டயரும் ஒரு செயினும் போட்டு, பாடசாலைக்கு ஓடத் தொடங்கினேன்.

மூன்று மாதத்தில் முழங்கால் போய்விட்டது. படி ஏற ஏலாது. தொழுகையில் சுஜூதிலிருந்து எழும்ப ஏலாது. "வயசு போகுது சேர்" என்றார்கள். எண்ணெய் பூசினேன், பட்டி கட்டினேன். கடைசியில் காரணம் என்ன என்றால், சீட் பதிவாக இருந்தது. அவ்வளவுதான்.

நம்முடைய ஊரில் சைக்கிளில் இருக்கும்போது இரண்டு காலும் நிலத்தில் முட்ட வேண்டும் என்று நினைக்கிறோம். சந்தியில் நிற்கத்தான் அது வசதி, ஓடுவதற்கு அல்ல. சீட் பதிந்தால் முழங்கால் அளவுக்கு மீறி மடங்கும். அந்த மடிப்பிலேயே பாரத்தை மிதிக்கும்போது சிரட்டை எலும்புக்குப் பின்னால் நெரிகிறது. நிமிடத்துக்கு 70 தரம் மிதித்தால் ஒரு மணித்தியாலத்துக்கு 4,200. இரண்டு மணித்தியாலம் ஓடினால் 8,400 தடவை அந்த நெரிவு. எட்டாயிரம் தரம் பிழையாக மடக்கினால் கதவின் பிணைச்சலும்தான் தேயும்.

சரியான உயரத்தைப் பார்க்கச் சுலபமான வழி இது. சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் இருங்கள். பெடலை ஆகக் கீழே விட்டு, குதிக்காலை அதன் மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும், இடுப்பு சரியக் கூடாது. பிறகு ஓடும்போது பாதத்தின் முன்பக்கத்தால் மிதித்தால் முழங்காலில் சின்ன மடிப்பு ஒன்று தானாக வரும். அந்த மடிப்புத்தான் வேண்டும்.

கணக்கு விருப்பமான பிள்ளைகளுக்கு இன்னொரு வழி. வெறுங்காலோடு சுவரில் முதுகைச் சாய்த்து நில்லுங்கள். ஒரு தடித்த புத்தகத்தைக் கவட்டுக்குள் இறுக்கமாக வைத்து, அதன் மேல் விளிம்பிலிருந்து நிலம் வரை அளங்கள். அதை 0.883 ஆல் பெருக்குங்கள். பெடல் தண்டு சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்பகுதி வரை அவ்வளவு இருக்க வேண்டும். 1986, 1989, 1990 ஆகிய மூன்று வருடமும் டூர் டி பிரான்ஸ் போட்டியை வென்ற அமெரிக்கர் கிரெக் லெமோண்ட் பிரபலமாக்கிய கணக்கு இது. எனக்கு 78 சென்ரிமீற்றர், பெருக்கினால் 69 வரும். வாப்பாவின் சைக்கிளில் இருந்தது 61. எட்டுச் சென்ரிமீற்றர் குறைவு! ஒரே நாளில் உயர்த்தாமல் இரண்டு மூன்று நாளைக்கு ஒருக்கால் ஒரு சென்ரிமீற்றராக உயர்த்தினேன். அல்ஹம்துலில்லாஹ், ஒன்றரை மாதத்தில் வலி இல்லை. கணக்கு தொடக்கம் மட்டும்தான், மிச்சத்தை உடம்பு சொல்லும். முழங்காலின் முன்பக்கம் நொந்தால் பெரும்பாலும் சீட் பதிவு. பின்பக்கம் இழுத்தால், அல்லது ஓடும்போது இடுப்பு இரண்டு பக்கமும் ஆடினால் சீட் கூட.

இதைக் கண்டுபிடித்த பெருமையில்தான் நான் ஊருக்கே சைக்கிள் வாத்தியாராக மாறினேன். அங்கேதான் பிழை தொடங்கியது.

மச்சானுக்குச் சீனி வருத்தம். ஆறு வருடமாகக் கிளினிக்கில் மருந்து எடுக்கிறார். "சைக்கிள் ஓடினால் சீனி குறையும்" என்று அவரை இழுத்தது நான்தான். அது உண்மைதான். அன்றைக்கு முதல் நாள் இரவு நான் இன்னொன்றும் சொன்னேன். "காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வாங்க மச்சான், வெறும் வயிற்றில் ஓடினால்தான் கொழுப்புக் கரையும்." எங்கேயோ ஒரு வீடியோவில் பார்த்தது. விஞ்ஞானம் படிப்பிக்கிற நான், அவர் என்ன குளிசை போடுகிறார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சுபஹ் தொழுது, குளிசையைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு வந்திருக்கிறார். கிளிவெட்டி, சேருநுவர தாண்டி, ஈச்சிலம்பற்றுப் பக்கம் திரும்பி, முகத்துவாரத்துக்குப் போய்ச் சேர இரண்டு மணித்தியாலத்துக்கு மேல். களப்பும் கடலும் சேரும் இடத்தில் படம் எடுத்தோம். தண்ணீர் மட்டும் குடித்தோம். திரும்பும்போது கச்சான் காற்று முகத்துக்கு அடித்தது. போகும்போது முதுகில் தள்ளிய காற்றைத்தான் நாங்கள் எங்கட பலம் என்று நினைத்திருந்தோம்.

ஒன்பதரை மணி இருக்கும். மச்சான் பேசுவதை நிறுத்தினார். பிறகு சைக்கிள் கோடு மாறி மாறிப் போனது. "என்ன மச்சான்?" என்றேன். கோபமாக ஏதோ சொன்னார். அவர் என்னோடு கோபித்ததே இல்லை. அப்போதாவது எனக்கு விளங்கியிருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் ரோட்டோரத்தில் சைக்கிளோடு சரிந்தார். பெனியன் நனைந்து ஒட்டியிருந்தது, கை நடுங்கியது, கண் எங்கேயோ பார்த்தது.

என்ட பொக்கற்றில் இருந்தது ஒரு பக்கற் வறுத்த கச்சான். காற்றும் கச்சான், கையில் இருந்ததும் கச்சான். எண்ணெய்யும் புரதமும் உள்ள பருப்பு அது. இரத்தத்தில் சீனியை ஏற்ற மணிக்கணக்கு எடுக்கும். தடுமாறுகிற ஆளின் வாயில் போட்டால் மூச்சுக் குழாயில் சிக்கும். நான் அதைத்தான் அவருக்குக் கொடுக்கப் பார்த்தேன்.

எதிர் வீட்டிலிருந்து ஒரு அம்மா ஓடி வந்தார். ஒரு பார்வைதான் பார்த்தார். "தம்பி, அதைக் குடுக்காதீங்கோ. இவருக்குச் சீனி வருத்தமோ? மருந்து போட்டவரோ? சாப்பிட்டவரோ?" மூன்று கேள்வி. இரண்டாவதற்கு மட்டும் எனக்கு விடை சரியாகத் தெரிந்திருக்கவில்லை. உள்ளே போய் ஒரு கோப்பை பிளேன்டீ கொண்டு வந்தார், ஆற்றிய தேநீர், பாகு மாதிரிச் சீனி. மச்சானின் தலையைத் தாங்கிப் பிடித்து, மிடறு மிடறாகக் குடிக்கச் செய்தார். பத்துப் பதினைந்து நிமிடத்தில் மச்சான் என்னைப் பார்த்து, "என்ன நடந்த?" என்று கேட்டார். அந்த அம்மாவின் கணவருக்கும் சீனி வருத்தமாம், இப்படி இரண்டு தரம் விழுந்தவராம். அதற்குப் பிறகு எங்களுக்குப் பிட்டும் மீன் குழம்பும் தந்துதான் விட்டார். காசு நீட்டியதற்கு எனக்கு ஏச்சு விழுந்தது.

நடந்தது என்னவென்று பிறகு டொக்டர் விளக்கினார். நம் உடம்பில் சீனிச் சேமிப்பு இரண்டு இடத்தில் இருக்கிறது. தசைகளில் சுமார் 400 கிராம், ஈரலில் 100 கிராம் அளவு. இரவு முழுக்க நித்திரை கொள்ளும்போது ஈரலில் உள்ளது பாதிக்கு மேல் குறைந்துவிடும். காலையில் சாப்பாடு அதை நிரப்ப வேண்டும். நாங்கள் நிரப்பவில்லை. வேலை செய்கிற தசையும் இரத்தத்திலிருந்து சீனியை இழுக்கிறது. அதற்கு மேல் கிளிக்லசைட் என்ற குளிசை, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கிறது. மூன்று பக்கத்தால் இறைத்தால் எந்தக் கிணறும் வற்றும். கிளிபென்கிளமைட், டொல்பியூட்டமைட், இன்சுலின் ஊசி எல்லாம் இதே ஆபத்து உள்ளவை. மெட்ஃபோமின் மட்டும் போடுகிறவர்களுக்கு இப்படி நடப்பது மிகக் குறைவு. ஆகவே சைக்கிளோ நடையோ தொடங்குமுன் உங்கட கிளினிக் கொப்பியைக் கொண்டுபோய் டொக்டரிடம் காட்டிக் கேளுங்கள். குளிசையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

யாராவது இப்படி ஆனால், விழுங்கக் கூடிய நிலையில் இருந்தால் மூன்று நான்கு தேக்கரண்டி சீனி கரைத்த தண்ணீர் அல்லது இனிப்புச் சோடா. டயட் சோடா அல்ல. பதினைந்து நிமிடம் பாருங்கள், தெளியாவிட்டால் மறுபடியும் கொடுங்கள். நினைவு இல்லை என்றால் வாயில் ஒன்றும் ஊற்றக் கூடாது. ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வைத்து 1990க்கு அடியுங்கள். இன்னொன்று, நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு அன்று இரவும் சீனி இறங்கலாம். தசை தன்னுடைய சேமிப்பை நிரப்பிக்கொண்டே இருக்கும். மச்சானுக்கு அன்று இரவு ராத்தா விழித்திருந்து இரண்டு தரம் குத்திப் பார்த்தாவாம். எனக்கு அடுத்த நாள்தான் சொன்னார்கள்.

வருத்தம் இல்லாதவர்களுக்கும் சாப்பாட்டு விஷயம் இதே மாதிரித்தான், விழுகிற வேகம் மட்டும் குறைவு. இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு கால் ஈயமாகும், ஆளோடு ஆள் எரிந்து விழுவோம். ஒரு மணித்தியாலத்துக்கு மேலான ஓட்டத்துக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாச்சத்து என்பது விளையாட்டு விஞ்ஞானத்தில் பொதுவான அளவு. வெளிநாட்டில் இதற்கு ஜெல் என்று சின்னப் பக்கற்றில் விற்கிறார்கள். நமக்குத் தேவையில்லை. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம், சாதாரணப் பேரீச்சம்பழம் ஒன்றில் 6, 7 கிராம். ஒரு பழமும் மூன்று பேரீச்சையும் ஒரு மணித்தியாலத்துக்குப் போதும். பசித்த பிறகு அல்ல, புறப்பட்டு அரை மணியிலேயே தொடங்க வேண்டும். குடிக்க, ஒரு லீற்றர் தண்ணீருக்கு 5 மேசைக்கரண்டி சீனி, கால் தேக்கரண்டி உப்பு, ஒரு தேசிக்காய். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் கூட, உப்பு குறைவு. வியர்வையில் போவது உப்பு. பிறஷர் உள்ளவர்கள் உப்பு விஷயத்தையும் டொக்டரிடம் கேளுங்கள். நோன்பு காலத்தில் நாங்கள் நீண்ட ஓட்டம் போவதில்லை. அஸருக்குப் பிறகு கடற்கரை வரை, அவ்வளவுதான்.

சாமான் விஷயம் நிறையப் பேர் கேட்கிறார்கள். லெமோண்ட் 1989 இல் எட்டு செக்கனில் வென்றவர், காற்றைக் கிழிக்கும் ஹேண்டில் போட்டு. எட்டு செக்கனுக்காக நாம் காசு செலவழிக்க வேண்டியதில்லை. ஹெல்மட் வாங்குங்கள். பின்னுக்குச் சிவப்பு லைற் போடுங்கள், சுபஹோடு புறப்படுகிறோம், அந்த நேரம் ரிப்பர் ஓடுகிற ரோட்டு அது. மெத்தை மாதிரிப் பெரிய சீட் கவர் வாங்க வேண்டாம். அரை மணித்தியாலம் சுகம், பிறகு புதைந்து உரஞ்சும். பஞ்சு வைத்த சைக்கிள் காற்சட்டை உண்மையிலேயே உதவும். உள்ளே வேறொன்றும் போடாமல் அதை அணிந்து, மேலே தளர்வான போட்டம் போட்டால் அவ்ரத் பிரச்சினையும் இல்லை. செயினுக்குப் பழைய எஞ்சின் ஒயில் விடாதீர்கள். நம்முடைய மணல் அதில் ஒட்டி அரத்தாள் போலச் செயினைத் தின்னும். கடல் உப்பு வேறு. துடைத்துவிட்டு மெல்லிய ஒயில் சொட்டுச் சொட்டாக விட்டால் போதும்.

பொடியன்மாரின் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். விழுந்ததற்குக் காரணம் சைக்கிள் இல்லை, வெறும் வயிறும் என்ட வாயும்தான். இனி ஒவ்வொரு பிள்ளையும் காலைச் சாப்பாடு சாப்பிட்டதா என்று நானே கேட்டுத்தான் கூட்டிப் போவேன். என்ட பையில் ஒரு போத்தல் சீனித் தண்ணீர் எப்போதும் இருக்கும். கச்சான் இருக்காது.

வாற வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு என் வீட்டு வாசலில் அளவு நாடாவும் 14 ஸ்பெனருமாக இருப்பேன். சைக்கிளைக் கொண்டு வாருங்கள், சீட்டை அளந்து பூட்டித் தருகிறேன். இடுப்பு நட்டு துருப்பிடித்திருந்தால் முதல் நாளே கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு வையுங்கள், இல்லாவிட்டால் அசையாது.

சனிக்கிழமை மறுபடியும் இலங்கைத்துறைக்குத்தான் போகிறோம். மச்சானும் வருகிறார். டொக்டர் அவருடைய குளிசை நேரத்தை மாற்றிக் கொடுத்திருக்கிறார். அந்த அம்மா வீட்டுக்குக் கொடுக்க ராத்தா வட்டிலப்பம் செய்கிறா. ஒரு தட்டில் சீனி குறைத்துச் செய்யச் சொல்லியிருக்கிறோம், அந்த ஐயாவுக்காக. கெரியரில் கட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் கலங்காமல் கொண்டுபோவது எப்படி என்றுதான் இப்போது யோசிக்கிறேன். தெரிந்தவர்கள் கொமென்ட்டில் சொல்லுங்கள்.