கொம்பு எந்தப் பக்கம்?

போன கோடையில் எனக்கு 18 வயது முடிந்தது. நியூ ஜெர்சியில் டாட்டூ குத்த இனி பெற்றோர் கையெழுத்து வேண்டாம். (கலிபோர்னியாவில் 18-க்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதித்தாலும் குத்தக் கூடாது.) மணிக்கட்டில் தமிழில் 'கிருபை' என்று குத்திக்கொள்ள ஆசை.

அம்மா லேவியராகமம் 19:28-ஐத் திறந்து என் முன் வைத்தார்கள். நானோ, எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்கள் மணிக்கட்டில் சிலுவை குத்துவதையும், எருசலேமில் ரசூக் குடும்பத்தார் தலைமுறைகளாக யாத்திரிகர்களுக்குக் குத்திவருவதையும் சொல்லி வாதாடினேன். இரண்டு நாள் வீட்டில் பேச்சே இல்லை.

எடிசனில் ஒரு கடைக்குப் போனேன். டாட்டூக்காரர் என் தாளை வெகுநேரம் பார்த்தார். "இந்த எழுத்து எனக்குத் தெரியாது. படிக்கத் தெரிந்தவர்களிடம் காட்டு. கொஞ்ச மாதம் அதே இடத்தில் பேனாவால் எழுதிப் பார். அப்போதும் வேண்டுமென்றால் வா" என்றார். முன்பணம்கூட வாங்கவில்லை.

நாகர்கோவிலிலிருந்து வந்திருந்த பாட்டியிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "மக்கா, கொம்பு 'ப'வுக்குப் பின்னால நிக்குதே!" என்றார்கள். கணினியில் எழுத்து உடைந்திருக்கிறது. எனக்கு அது தெரியவேயில்லை. வெட்கமாகப் போயிற்று.

பாட்டி முன்கையை நீட்டினார்கள். மங்கிய பச்சைக் கோலம். ஞானஸ்நானத்துக்கு முன்பு, சிறுமியாக இருந்தபோது குறத்தி குத்தியது. "என்ன யாரு கேட்டா? பிடிச்சு உக்கார வச்சுக் குத்திட்டாங்க. உன்ன ஒருத்தர் யோசிச்சு வான்னு அனுப்பியிருக்காரே."

நாலு மாதமாகத் தினமும் காலையில் பேனாவால் எழுதுகிறேன், கொம்பைச் சரியான பக்கத்தில் போட்டு. கடைக்கு இன்னும் போகவில்லை. ஒருநாள் நான் மறந்தபோது, பேனாவை எடுத்து வந்து கொடுத்தது அம்மா.