பற்றாசு

என் பழைய ஹெரால்டு காரின் முன்பக்கம் மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து ஒரே துண்டாக முன்னால் கவிழ்ந்து திறக்கும். திறந்து பார்த்தால், ரேடியேட்டரின் அடித்தொட்டி ஓரத்தில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. களிம்பு பூத்த இடத்தில்தான் கசிவு. கழற்றி ஆட்டோவில் வைத்து சிந்தாதிரிப்பேட்டைப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். கூவத்துக்கு அந்தப் பக்கம் புதுப்பேட்டையில் வேறொன்று தேடிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன்.

"எதுக்கு சார் மாத்தணும்? பித்தளை. பிரிச்சு, ராடு வுட்டு, பத்த வெச்சாப் போச்சு" என்றார் பெரியவர்.

கேஸ் சுடரை விளிம்பில் ஓட்டினார். ஓரிடத்தில் நிற்கவிடவில்லை. சாம்பல் நிறத்தில் கிடந்த பற்று திடீரென்று பாதரசம்போல் மினுங்கி வழிந்தது. தொட்டி கையோடு வந்துவிட்டது. உள்ளே குழாய்களின் வாயெல்லாம் வெள்ளையும் பழுப்புமாக உப்பு அடைத்திருந்தது. எங்கள் வீட்டு போர் தண்ணீரின் வேலை. மெல்லிய தகட்டுக் கம்பியை ஒவ்வொரு குழாயிலும் விட்டு இழுத்தார். பிறகு பிரஷ்ஷால் ஆசிட் தடவி, ஈயக்குச்சியைக் காட்டினார். இழுக்காமலே அது இடுக்குக்குள் ஓடி உட்கார்ந்தது.

அவர் பேச்சில் அது 'பத்து'. அகராதியில் பற்றாசு. அந்தச் சொல்லை நான் முதலில் கண்டது பட்டறையில் அல்ல, யாப்பிலக்கணத்தில். நேரிசை வெண்பாவின் இரண்டாம் அடி முடிவில் தனிச்சொல் வரும். முன்னால் நிற்கும் குறளோடு அது ஒட்டாமல் விலகி ஒலித்தால், நடுவே ஓரசையோ ஈரசையோ கூட்டி இணைப்பார்கள். அந்த அசைக்கு ஆசு என்று பெயர். பாட்டு ஆசிடை நேரிசை வெண்பா. உலோகத் துண்டுகளைச் சேர்க்கக் கொல்லர் இடும் பற்றாசிலிருந்து வந்த பெயர். மாணவனாக மனப்பாடம் செய்தபோது இது வெறும் விதி. அன்று பட்டறையில், உருகிய ஈயம் இரண்டு பித்தளை விளிம்புகளுக்கு நடுவே ஓடியபோதுதான், பெயர் வைத்தவர் ஒரு கொல்லன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார் என்று தோன்றியது. ஆசுக்குக் குற்றம் என்றும் பொருள் உண்டு. பழுதுக்கும் இணைப்புக்கும் ஒரே சொல்.

வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும், காரீயம் 327-இல். இரண்டையும் 63-க்கு 37 என்று கலந்தால் 183-லேயே உருகிவிடும். பித்தளைக்கு 900-க்கு மேல் வேண்டும். அதனால் தொட்டி நோகாமல் பற்று மட்டும் இளகுகிறது. ஓடும் வண்டியில் தண்ணீர் நூறைச் சற்றுத் தாண்டினாலும் பற்று அசையாது. ஈயச்சொம்பில் ரசம் வைத்தவர்களுக்கு இது தெரிந்ததுதான். ரசம் இருக்கும்வரை சொம்புக்கு ஆபத்தில்லை. வெறும் சொம்பை அடுப்பில் விட்டால் உருகிப்போகும்.

சிந்தாதிரிப்பேட்டை 1734-இல் நெசவாளர்களுக்காக உண்டான பேட்டை. சின்னத் தறிப் பேட்டைதான் இப்படி மருவியது என்பார்கள். பெரியவர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்த ரேடியேட்டரும் நெய்த துணிபோலத்தான் இருந்தது: மேலிருந்து கீழாகப் பாவுபோலக் குழாய்கள், குறுக்கே ஊடையாகச் செப்புத் தகடுகள்.

இப்போதைய கார்களில் குழாயும் தகடுமான கோர் அலுமினியம், மேலும் கீழும் பிளாஸ்டிக் தொட்டி, ஓரத்தை மடக்கி நெரித்த பூட்டு. விரிசல் விட்டால் தூக்கிப்போட வேண்டியதுதான். அதைக் குறைந்த விலை என்று சொல்கிறார்கள். எனக்கு அது நஷ்டமாகவே படுகிறது.

பழைய வண்டி வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கோர் அறவே போனாலும் அந்தப் பித்தளைத் தொட்டிகளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். புதுக் கோரில் அவற்றையே பற்றவைத்துக்கொள்ளலாம். போர் தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள்.